மூன்று முழம் இடம் விடுங்கள்!

விடியுமுன்னே தாராவியிலிருந்து இட்லிப் பாத்திரத்தைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு புறப்படுகிறவர் யார்? நம்மவர். சட்டினி வாளி ஒரு பக்கம் தொங்க, ரப்பர் ஹாரனை அமுக்கியபடி சயான், மாட்டுங்கா என்று தெருத் தெருவாகப் போகிறார். அவரை உரசிக்கொண்டு டெம்போவை விரட்டி, "ஓரமாப் போய்யா!" என்று கத்துகிறவர் யார்? வெட்கத்தோடு சொல்கிறோம், அவர்களிலும் நம்மவர் உண்டு. சைக்கிள் மிதித்து வளர்த்த தகப்பனின் பிள்ளைதான் இன்று ஸ்டியரிங் பிடித்திருக்கிறான்.

ஓரம் எங்கே இருக்கிறது, தோழரே? நடைபாதையில் மோட்டார் சைக்கிள் நிற்கிறது. சாலை விளிம்பில் சாக்கடை மூடி, குழி, நிறுத்திவைத்த கார். குழிக்குப் பயந்து சைக்கிள்காரர் ஒரு சாண் வலப்பக்கம் ஒதுங்கினால் போதும், பின்னால் வருகிற வண்டி தட்டிவிடும். பாரம் கட்டிய சைக்கிள் நேர்கோட்டில் போகாது. லாரி கடக்கும் காற்றே அதை ஆட்டிவிடும். ஆகவே கடக்கும்போது மூன்று முழமாவது இடம் விடுங்கள் என்று கேட்கிறோம். இடமில்லையா? பின்னாலேயே மெதுவாக வாருங்கள். (முந்திப் போய் அடுத்த சிக்னலில் நிற்கத்தானே போகிறீர்கள்!) வேகம் இரண்டு மடங்கானால், பிரேக் பிடித்து நிற்பதற்கான தூரம் நான்கு மடங்காகிறது.

மத்திய அரசின் கணக்குப்படி 2022-இல் நாட்டின் சாலைகளில் மாண்டவர்கள் 1,68,491 பேர். அவர்களில் நடந்து சென்றவர்கள் 32,825 பேர். சைக்கிளில் சென்றவர்கள் 4,836 பேர்.

"டிரிப் கணக்கில்தானே கூலி? நேரமானால் முதலாளி கழுத்தைப் பிடிக்கிறான்" என்று டிரைவர் தோழர்கள் சொல்வது நமக்குத் தெரியாததல்ல. நியாயமான பேச்சுதான். அந்தச் சண்டையை முதலாளியோடு போடுவோம், சங்கம் உடன் நிற்கும். சைக்கிள்காரர் முதுகில் அதைக் காட்ட வேண்டாம்.

அரசையும் நாம் விடப்போவதில்லை. கோவை எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன் 2012-இல் தொடுத்த வழக்கில், நடைபாதையில் நடப்பது அரசியல் சட்டத்தின் 21-ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையைச் சேர்ந்தது என்று உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் கூறிவிட்டது. அந்தத் தீர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு மாநகராட்சி வார்டு அலுவலகத்தில் நடைபாதை கேட்போம்.

அது கிடைக்கும்வரை பள்ளி விடும் நேரத்தில் தொண்ணூறு அடிச் சாலையில் பிள்ளைகள் வண்டிகளுக்கு நடுவேதான் நடக்கவேண்டும். அந்த நேரம் அவ்வழியே வரும் டாக்ஸி, ஆட்டோ, டெம்போத் தோழர்களே, ஹாரன் அடித்து அவர்களை விரட்டாதீர்கள். வண்டியை நிறுத்தி, அவர்கள் கடந்த பிறகு எடுங்கள்.