சாமானியரின் கருத்துக்கு நீதிமன்றம் தந்த காப்பு: காவல் நிலையத்தை எட்டுவது எப்போது?

புது தில்லி: நாட்டு நடப்பு குறித்து ஒரு சாதாரணக் குடிமகன் தனது கைப்பேசியில் எழுதும் நான்கு வரிக் கருத்துக்குச் சட்டத்தில் என்ன இடம் உள்ளது என்ற கேள்விக்கு உச்ச நீதிமன்றம் கடந்த பத்தாண்டுகளில் பலமுறை விடையளித்துள்ளது. அந்த விடைகள் பெரும்பாலும் குடிமகனுக்குச் சாதகமானவை. ஆயினும், அரசின் ஒரு முடிவையோ ஓர் அரசியல் தலைவரையோ விமர்சித்ததற்காக வழக்கைச் சந்திக்கும் நிலை மறையவில்லை. தீர்ப்பு வழங்கப்படும் இடத்துக்கும் புகார் பெறப்படும் இடத்துக்கும் இடையே நீடிக்கும் தொலைவே இதற்குக் காரணம்.

பால்கரில் தொடங்கிய வழக்கு

சிவசேனை நிறுவனர் பால் தாக்கரே 2012ஆம் ஆண்டு நவம்பர் 17ஆம் தேதி காலமானார். அவரது மறைவையொட்டி மும்பையில் கடைகள் அடைக்கப்பட்டது குறித்துக் கேள்வி எழுப்பி, மும்பைக்கு வடக்கே உள்ள பால்கரைச் சேர்ந்த இளம்பெண் ஒருவர் முகநூலில் பதிவிட்டார். அவருடைய தோழி அப்பதிவுக்கு விருப்பக்குறி இட்டார். இருவரும் கைது செய்யப்பட்டனர். பதிவிட்ட பெண்ணின் உறவினர் நடத்திவந்த மருத்துவமனையும் தாக்கப்பட்டது. நாடு முழுவதும் கண்டனம் எழுந்ததைத் தொடர்ந்து வழக்கு கைவிடப்பட்டது. காவல் துறை அதிகாரிகள் இருவர் பணியிடைநீக்கம் செய்யப்பட்டனர்.

அதே ஆண்டில் இத்தகைய நிகழ்வுகள் வேறு இடங்களிலும் நடந்தன. ஏப்ரலில், மேற்கு வங்க முதலமைச்சர் மம்தா பானர்ஜி தொடர்பான கேலிச்சித்திரத்தை மின்னஞ்சலில் பகிர்ந்ததற்காக ஜாதவ்பூர் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவர் கைதானார். அக்டோபரில், அன்றைய மத்திய நிதியமைச்சரின் மகனைக் குறித்து ட்விட்டரில் எழுதியதற்காகப் புதுச்சேரியைச் சேர்ந்த சிறுதொழில் நடத்துபவர் ஒருவர் கைது செய்யப்பட்டார். அவரது பக்கத்தைப் பின்தொடர்ந்தவர்கள் அப்போது மிகச் சிலரே.

இவ்வழக்குகளில் பயன்படுத்தப்பட்டது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவு. 2008ஆம் ஆண்டுத் திருத்தத்தின் வழியாகச் சேர்க்கப்பட்டு, 2009 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த இப்பிரிவு, பெரிதும் புண்படுத்தும் செய்தியையும், பொய் என அறிந்தே எரிச்சலோ வசதிக்குறைவோ உண்டாக்கும் நோக்கத்துடன் அனுப்பப்படும் செய்தியையும் மூன்றாண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. எரிச்சல் என்பது எது, அதை அளப்பவர் யார் என்பதற்குச் சட்டத்தில் வரையறை இல்லை.

பால்கர் கைது செய்தியைத் தொடர்ந்து ஷ்ரேயா சிங்கல் என்ற இளம்பெண் உச்ச நீதிமன்றத்தை அணுகினார். வழக்கு நிலுவையில் இருந்தபோதே, 2013 ஜனவரியில் மத்திய அரசு மாநிலங்களுக்கு ஓர் அறிவுறுத்தலை அனுப்பியது. உயரதிகாரியின் முன் அனுமதி இன்றி இப்பிரிவின் கீழ் எவரையும் கைது செய்யக் கூடாது என்பதே அதன் சாரம். உச்ச நீதிமன்றமும் அதே ஆண்டு மே மாதம் அதனைப் பின்பற்றுமாறு கூறியது. எனினும் 2015 மார்ச்சில், அமைச்சர் அசம் கான் கூறியதாக ஒரு கருத்தை முகநூலில் பகிர்ந்த குற்றச்சாட்டில் உத்தரப் பிரதேசத்தின் பரேலியில் பள்ளி மாணவர் ஒருவர் கைது செய்யப்பட்டார். ஏட்டில் இருக்கும் காப்பு நடைமுறையில் தானாகச் செயல்படாது என்பதை அந்நிகழ்வு அன்றே உணர்த்தியது.

செல்லாத பிரிவில் தொடர்ந்த வழக்குகள்

நீதிபதிகள் ஜே. செலமேஸ்வர், ஆர்.எஃப். நாரிமன் ஆகியோர் அடங்கிய அமர்வு 2015 மார்ச் 24 அன்று 66ஏ பிரிவு முழுவதும் அரசமைப்புக்கு முரணானது எனத் தீர்ப்பளித்தது. ஒரு கருத்தை விவாதிப்பது, அதற்காக வாதாடுவது, குற்றச்செயலுக்குத் தூண்டுவது என மூன்று நிலைகளை நீதிமன்றம் வகுத்துக்காட்டியது. முதல் இரண்டும், கேட்பவருக்கு எவ்வளவு கசப்பாக இருந்தாலும், பேச்சுரிமையின் எல்லைக்குள் அடங்கும். மூன்றாவது நிலையை எட்டும்போதே அரசு தலையிட முடியும் என்பது தீர்ப்பின் மையக்கருத்து.

அத்துடன் பிரச்னை முடிந்திருக்க வேண்டும், முடியவில்லை. செல்லாதது என அறிவிக்கப்பட்ட பிரிவில் காவல் நிலையங்கள் தொடர்ந்து வழக்குப் பதிந்தன. தீர்ப்பின் நகலை உயர் நீதிமன்றங்கள் வழியாக மாவட்ட நீதிமன்றங்களுக்கும், தலைமைச் செயலாளர்கள் வழியாகக் காவல் துறைக்கும் கொண்டுசேர்க்குமாறு 2019 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. 2021ஆம் ஆண்டு மக்கள் சிவில் உரிமைக் கழகம் மீண்டும் நீதிமன்றத்தை நாடியபோது, 11 மாநிலங்களின் மாவட்ட நீதிமன்றங்களில் 745 வழக்குகள் இப்பிரிவின் கீழ் நிலுவையில் இருப்பதாகத் தெரிவித்தது. நீதிபதிகள் அதிர்ச்சி வெளியிட்டனர்.

அப்போது மத்திய அரசின் தலைமை வழக்கறிஞர் கே.கே. வேணுகோபால் அளித்த விளக்கம் கவனத்துக்குரியது. அச்சிடப்பட்ட சட்ட நூலில் 66ஏ பிரிவு முழுமையாக இடம்பெற்றிருக்கிறது. அது செல்லாது என்ற குறிப்பு பக்கத்தின் அடியில் மட்டுமே உள்ளது என்றார் அவர். நீதிமன்றம் ஒரு பிரிவைச் செல்லாததாக்கலாம். நூலிலிருந்து அதனை நீக்கும் பணி நாடாளுமன்றத்துடையது. காவல் நிலையத்தில் புகாரைப் பெறும் ஆய்வாளர் அப்போது புரட்டிப் பார்த்தது அந்த நூலைத்தான்.

இப்பிரிவின் கீழ் யார் மீதும் வழக்கு நடத்தக் கூடாது என்று 2022 அக்டோபர் 12 அன்று, அன்றைய தலைமை நீதிபதி யு.யு. லலித் தலைமையிலான அமர்வு மீண்டும் உத்தரவிட்டது. ஒரே பிரிவு செல்லாது என்பதை நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றம் ஏழு ஆண்டுகளில் மூன்று முறை நினைவூட்ட வேண்டியிருந்தது. கேலிச்சித்திரத்தைப் பகிர்ந்த ஜாதவ்பூர் பேராசிரியர் அந்த வழக்கிலிருந்து முழுமையாக விடுவிக்கப்பட்டது 2023 ஜனவரியில். கைதான நாளிலிருந்து கணக்கிட்டால் ஏறத்தாழ 11 ஆண்டுகள்.

கட்சி வேறுபாடு இல்லை

இவ்விவகாரத்தை ஒரு கட்சியின் அல்லது ஓர் ஆட்சியின் குறையாகக் காண்பது பொருந்தாது. பால்கர் கைது நடந்தபோது மகாராஷ்டிரத்தில் காங்கிரஸ் கூட்டணி ஆட்சியில் இருந்தது. மேற்கு வங்கத்தில் திரிணமூல் காங்கிரஸும், பரேலி நிகழ்வின்போது உத்தரப் பிரதேசத்தில் சமாஜ்வாதி கட்சியும் ஆண்டன. கேரளத்தில் இடதுசாரி அரசு 2020 நவம்பரில் காவல் சட்டத்தில் 118ஏ என்ற பிரிவை அவசரச் சட்டம் மூலம் சேர்த்தது. கடும் எதிர்ப்பு எழவே சில நாள்களில் பின்வாங்கியது. மத்தியில் பாரதிய ஜனதா அரசு 2023ஆம் ஆண்டு கொண்டுவந்த விதிகளின்படி, அரசின் செயல்பாடுகள் குறித்த இணையப் பதிவுகள் பொய்யானவையா என அரசே அமைக்கும் உண்மை சரிபார்ப்புப் பிரிவு தீர்மானித்திருக்கும். பம்பாய் உயர் நீதிமன்றம் 2024 செப்டம்பரில் அவ்விதியை ரத்து செய்தது.

எதிர்க்கட்சியாக இருக்கையில் பேச்சுரிமையை வலியுறுத்தும் கட்சிகள் ஆட்சிக்கு வந்தபின் அதே கருவியைக் கையில் எடுப்பது புதிதன்று. ஆகவே, ஆட்சி மாற்றத்தால் மட்டும் இந்நிலை மாறும் என எதிர்பார்ப்பதற்கு இடமில்லை.

வாட்ஸ்ஆப்பில் இரண்டு வரிகள்

66ஏ மறைந்த இடத்தை இன்று வேறு பிரிவுகள் நிரப்புகின்றன. சமூகப் பிரிவுகளிடையே பகையை வளர்ப்பது குறித்த முந்தைய 153ஏ பிரிவு, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் 196ஆம் பிரிவாகியுள்ளது. மத உணர்வைப் புண்படுத்துவது 299ஆம் பிரிவிலும், பொது அமைதியைக் குலைக்கும் கூற்றுகள் 353ஆம் பிரிவிலும் இடம்பெறுகின்றன.

இப்பிரிவுகளின் எல்லை எது என்பதை விளக்கியது, மகாராஷ்டிரத்தின் கோலாப்பூர் மாவட்டத்தில் பணியாற்றிய காஷ்மீர்ப் பேராசிரியர் ஒருவரின் வழக்கு. அரசமைப்பின் 370ஆவது பிரிவு அளித்த சிறப்புத் தகுதி நீக்கப்பட்ட ஆகஸ்ட் 5ஆம் தேதியைக் கறுப்பு நாள் எனக் குறிப்பிட்டும், ஆகஸ்ட் 14 அன்று பாகிஸ்தானுக்குச் சுதந்திர தின வாழ்த்துத் தெரிவித்தும் அவர் 2022ஆம் ஆண்டு தமது வாட்ஸ்ஆப் நிலைத்தகவலில் எழுதியிருந்தார். அவர் மீது 153ஏ பிரிவின் கீழ் வழக்குப் பதிவானது. அதனை ரத்து செய்ய பம்பாய் உயர் நீதிமன்றம் மறுத்துவிட்டது.

உச்ச நீதிமன்ற நீதிபதிகள் அபய் எஸ். ஓகா, உஜ்ஜல் புயான் ஆகியோர் 2024 மார்ச் 7 அன்று அவ்வழக்கை ரத்து செய்தனர். 370ஆவது பிரிவு குறித்த அரசின் முடிவை விமர்சிக்க ஒவ்வொரு குடிமகனுக்கும் உரிமை உண்டு. மற்றொரு நாட்டின் குடிமக்களுக்கு அவர்களுடைய சுதந்திர நாளில் வாழ்த்துக் கூறுவது நல்லெண்ணத்தின் அடையாளமே என்று அவர்கள் தெரிவித்தனர். ஒரு சொல்லின் விளைவை நியாய உணர்வும் மனத்திட்பமும் கொண்ட மனிதரின் பார்வையில் அளவிட வேண்டும். எதிர்க்கருத்து ஒவ்வொன்றிலும் ஆபத்தைக் காணும் தளர்ந்த மனத்தின் அளவுகோல் உதவாது என்ற பழைய நெறியும் அதில் வலியுறுத்தப்பட்டது. பேச்சுரிமை பற்றிக் காவல் துறைக்குக் கற்பிக்க வேண்டிய காலம் வந்துவிட்டது எனவும் நீதிபதிகள் குறிப்பிட்டனர்.

இரண்டு வரி வாழ்த்துக்கும் ஒரு வரி விமர்சனத்துக்கும் உயர் நீதிமன்றம் கடந்து தில்லி வரை செல்ல வேண்டியிருந்தது. வழக்கறிஞர் கட்டணம், பயணம், பணி குறித்த அச்சம் ஆகியவற்றைத் தாங்கக்கூடியவரே அவ்வளவு தொலைவு செல்ல இயலும். அதற்கு வழியில்லாதவர் என்ன செய்வார் என்பது தீர்ப்புகளில் பதிவாகாத பகுதி. அவர் பதிவை நீக்கிவிட்டு, மன்னிப்புக் கேட்டு, அதன்பின் பேசாமல் இருந்துவிடுவார்.

ஆய்வாளரின் மேசையில் இருவேறு ஆணைகள்

காவல் துறையின் தரப்பிலும் நியாயமான இக்கட்டு உண்டு. குழந்தைக் கடத்தல் வதந்தி வாட்ஸ்ஆப்பில் பரவியதன் விளைவாக 2018 ஜூலை 1 அன்று மகாராஷ்டிரத்தின் துலே மாவட்டத்தில் ஐந்து பேர் அடித்துக் கொல்லப்பட்டனர். சொல் உயிரைப் பறிக்கக்கூடும் என்பதை மறுப்பதற்கில்லை. வெறுப்புப் பேச்சு குறித்துப் புகார் வராவிட்டாலும் தாமாக முன்வந்து வழக்குப் பதிய வேண்டும் என உச்ச நீதிமன்றம் 2022 அக்டோபரில் தில்லி, உத்தரப் பிரதேசம், உத்தராகண்ட் ஆகியவற்றுக்கு உத்தரவிட்டது. 2023 ஏப்ரலில் அதனை அனைத்து மாநிலங்களுக்கும் விரிவுபடுத்தியது. தயக்கம் காட்டினால் நீதிமன்ற அவமதிப்பாகக் கருதப்படும் என்றும் எச்சரித்தது.

மறுபுறம், காங்கிரஸ் மாநிலங்களவை உறுப்பினர் இம்ரான் பிரதாப்கரி மீது ஒரு கவிதைக்காகக் குஜராத்தில் பதிவான வழக்கை ரத்து செய்த 2025 மார்ச் 28ஆம் தேதித் தீர்ப்பில், அவசரம் வேண்டாம் என அதே நீதிமன்றம் கூறியது. மூன்று முதல் ஏழு ஆண்டுகளுக்குட்பட்ட சிறைத் தண்டனைக்குரிய புகார்களில், துணைக் கண்காணிப்பாளரின் அனுமதியுடன் 14 நாள்களுக்குள் முதற்கட்ட விசாரணை நடத்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவு இடமளிக்கிறது. பேச்சும் எழுத்தும் சார்ந்த புகார்களில் இவ்வழியைப் பின்பற்றுவதே எப்போதும் உகந்தது என்பது அத்தீர்ப்பின் முக்கியமான கூறு.

உடனே பதிவு செய் என ஓர் ஆணை. முதலில் விசாரி என மற்றொன்று. இரண்டும் உண்மையில் முரண்படவில்லை. முன்னது ஒரு சமூகத்தின் மீது வெறுப்பைத் தூண்டும் பேச்சைப் பற்றியது. பின்னது விமர்சனத்தையும் கலைப்படைப்பையும் பற்றியது. ஆனால், எது எந்த வகை எனப் பிரித்தறியும் பொறுப்பு, அரசமைப்புச் சட்ட வழக்குகளைப் படிக்க நேரமில்லாத ஒரு நிலைய அதிகாரியின் மேசைக்கு வந்து சேர்கிறது. வாசலில் திரண்டு நிற்கும் கூட்டமும், மேலிடத்திலிருந்து வரும் தொலைபேசி அழைப்பும் அந்த முடிவில் செல்வாக்குச் செலுத்துகின்றன. வழக்குப் பதிந்தால் அவருக்கு இழப்பு ஏதுமில்லை. பதியாவிட்டால் கேள்வி எழும்.

சட்டத்தில் மற்றொரு தடையும் உள்ளது. 196, 299 ஆகிய பிரிவுகளின்கீழ் அரசின் முன் ஒப்புதல் இன்றி நீதிமன்றம் வழக்கை விசாரணைக்கு ஏற்க முடியாது. ஆனால், அந்த ஒப்புதல் தேவைப்படும் கட்டத்துக்கு முன்பே முதல் தகவல் அறிக்கை, அழைப்பாணை, கைப்பேசி பறிமுதல், சில நேரங்களில் கைது என யாவும் நடந்தேறிவிடுகின்றன. தண்டனை பெறாமலே தண்டனையை அனுபவிக்கும் நிலை இது.

அரசு ஊழியரின் நிலை இன்னும் நெருக்கடியானது. அரசியல் கூட்டத்தில் கலந்துகொண்டு முகநூலில் பதிவிட்டதாகத் திரிபுராவில் பெண் ஊழியர் ஒருவர், ஓய்வு பெறுவதற்குச் சில நாள்களுக்கு முன் பணியிடைநீக்கம் செய்யப்பட்டார். அரசு ஊழியருக்கும் பேச்சுரிமை உண்டு என 2020 ஜனவரியில் அம்மாநில உயர் நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது.

எஞ்சியுள்ள பணி

அரசமைப்பின் 19(2) பிரிவு பேச்சுரிமைக்கு எட்டுக் காரணங்களின் அடிப்படையில் மட்டுமே வரம்பு விதிக்க அனுமதிக்கிறது. பொது ஒழுங்கு, அவதூறு, குற்றத்துக்குத் தூண்டுதல் ஆகியவை அவற்றுள் அடங்கும். எரிச்சலும் மனவருத்தமும் அப்பட்டியலில் இல்லை. இந்த வேறுபாடு நீதிமன்றங்களுக்குத் தெளிவாக உள்ளது.

இனிச் செய்ய வேண்டியவை பெரிய சீர்திருத்தங்கள் அல்ல. முதற்கட்ட விசாரணையைப் பேச்சு தொடர்பான புகார்களில் கட்டாய நடைமுறையாக மாநிலங்கள் அறிவிப்பது, அந்நெறியை மீறும் அதிகாரியிடம் விளக்கம் கேட்பது ஆகிய இரண்டும் நிர்வாக ஆணைகளால் நிறைவேறக்கூடியவை. அவை நடைபெறும்வரை, பெயர்பெற்றவரின் கருத்து தில்லியில் காக்கப்படும். சாமானியரின் கருத்து அவரவர் ஊர்க் காவல் நிலையத்தில் யார் பணியில் இருக்கிறார் என்பதைப் பொறுத்தே அமையும்.