கதவுக்கு எது அழகு?

வீடு கட்டுகிற பிள்ளைகள் உள்கதவு வாங்கக் கடை கடையாக ஏறி இறங்குகிறார்கள். வெனீரா, லேமினேட்டா, கைப்பிடி கறுப்பா, பித்தளையா என்று வீட்டில் பெரிய விவாதம். அகலம் எவ்வளவு, எந்தப் பக்கம் திறக்கும் என்று கேட்பார் இல்லை.

குளியலறைக்கு இரண்டரை அடிதான் வழக்கம். நிலைச்சட்டம் போக மிஞ்சுவது இரண்டடிக்குச் சற்று மேல். அதில் சக்கர நாற்காலி எப்படி நுழையும்? பொதுக் கட்டடங்களுக்கு மத்திய அரசின் வழிகாட்டு நெறிகள் 90 செ.மீ. திறப்பு கேட்கின்றன. நம் வீட்டுக்கு மட்டும் முதுமை வராதா?

அடுத்தது, உள்பக்கம் திறக்கும் கதவு. வழுக்கி விழுந்தவர் கதவை ஒட்டிக் கிடந்தால் வெளியிலிருந்து தள்ள முடியாது. உடைத்தால் அடி அவர் மேல்தான். வெளிப்பக்கம் திறந்தால் தண்ணீர் சொட்டும் என்பார் மேஸ்திரி. சொட்டட்டுமே! ஒரு மிதியடி போட்டால் தீர்ந்தது. வெளியிலிருந்து நாணயத்தால் திருப்பித் திறக்கும் தாழ்ப்பாளும் கடைகளில் கிடைக்கிறது.

ஆபத்துக்குத் திறக்காத கதவில் என்ன அழகு? நிலை வைக்கும் முன் டேப் பிடித்து அளந்து பாருங்கள். டிசைனை அப்புறம் பார்க்கலாம்.