எண்ணெய்க் கலனில் எழுதிய இலக்கம்

என் பழைய மாணாக்கர் ஒருவர், இப்பொழுது லொறி வைத்துத் தொழில் நடத்துபவர், அண்மையில் என்னைக் காண வந்தார். "சேர், கலனிலுள்ள இலக்கத்தைப் பார்த்தே எண்ணெய் வாங்குகிறேன். ஆயினும் சில ஆயிரம் கிலோமீற்றர் ஓடியதும் அது மெலிந்துவிடுகிறதே, ஏன்?" என்று வினவினார். வண்டி வைத்திருக்கும் நேயர்கள் அனைவருக்கும் பயன்படும் வினா இது.

எண்ணெயோடு டீசல் கலந்தாலும் அது மெலியும். ஆனால் வேறொரு காரணமும் உண்டு. 10டபிள்யூ-30 என்ற குறியில் முதற்பகுதி குளிர்கால இயல்பைக் குறிக்கும். 30 என்பது சூடேறிய நிலையிலுள்ள பிசுக்குமையைக் குறிக்கும். குளிரில் இளகியும் வெப்பத்தில் தடித்தும் நிற்கவேண்டுமென்பதற்காகப் பல்பகுதியம் எனும் நீண்ட சங்கிலி மூலக்கூறுகளை எண்ணெயிற் சேர்க்கின்றனர். அவை குளிரிற் சுருண்டும் வெப்பத்தில் விரிந்தும் கிடக்கும்.

எஞ்சினின் தாங்கிகளிலும் பல்லிணைகளிலும் எண்ணெய் மிக ஒடுங்கிய இடைவெளியில் நசுக்கி இழுக்கப்படுகின்றது. இதனைக் கொய்வு என்பர். சிக்குண்ட கூந்தல் சீப்பின்வழி நேராவதுபோல அம்மூலக்கூறுகள் அங்கே நீண்டு ஒழுங்குபட, எண்ணெய் சற்று மெலியும். இது தற்காலிகமானது, இடைவெளியைக் கடந்ததும் பழைய தடிப்பு மீளும். ஆனால் சங்கிலியே அறுந்துவிட்டால் அவ்விழப்பு மீளாது. நீண்ட சங்கிலி சிறிதளவே போதுமாயினும் அதுவே எளிதில் அறுபடும் என்பதுதான் இதிலுள்ள சிக்கல்.

ஆதலால் தர விதிகள் புதிய எண்ணெயை அளப்பதோடு நிற்பதில்லை. 30 என்ற தரத்துக்கு 100 பாகை செல்சியசில் ஆகக் குறைந்தது 9.3 சென்ரிஸ்ரோக் பிசுக்குமை வேண்டும். 150 பாகையில், கடுங்கொய்வின்போது, 2.9 மில்லிபாசுக்கல் செக்கனுக்குக் குறையலாகாது. இவற்றோடு, டீசல் எஞ்சினின் எரிபொருள் தெளிகருவியினூடாக எண்ணெயை உயரமுக்கத்தில் மீண்டும் மீண்டும் செலுத்தி, பின் அளக்கின்றனர். ஐரோப்பிய மோட்டார்வண்டி உற்பத்தியாளர் சங்கத்தின் விதிகள் சிலவற்றில் இச்சோதனை 30 முறை நிகழும். அமெரிக்கப் பெற்றோலிய நிறுவகத்தின் சீகே-4 வகுப்பு, கனரக டீசல் எஞ்சின்களுக்கானது. 2016ஆம் ஆண்டிறுதியில் நடைமுறைக்கு வந்தது. அதில் 90 முறை செலுத்தப்படும். அதன்பின்னரும் 30 தர எண்ணெய் 9.3இற்குக் கீழிறங்கலாகாது.

இறங்கினால் என்ன? எண்ணெய்ப் படலம் மெலிந்து உலோகம் உலோகத்தைத் தொடும், தாங்கி தேயும். எண்ணெயின் விலை சிறிது. எஞ்சினைத் திருத்தும் செலவு ஒரு குடும்பத்தின் உழைப்பு.

ஆகவே அன்பர்களே, தடிப்பிலக்கத்தை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். உங்கள் வண்டியின் கைந்நூல் கேட்கும் வகுப்பு கலனில் உண்டா என்றும் பாருங்கள். இலக்கம் ஒன்றாயிருப்பினும், எந்த வகுப்பின் சோதனையைத் தாங்கியது என்பதிலேயே இரு கலன்கள் வேறுபடும். என் மாணாக்கருக்கும் இதனையே கூறி அனுப்பினேன்.