ஜெர்மனியில் படிப்பு இலவசமாம்!

சமீப காலமாக எந்தக் கல்யாண வீட்டில் பந்திக்கு உட்கார்ந்தாலும் ஒரு பேச்சு காதில் விழுகிறது. "ஜெர்மனியில படிப்பு இலவசமாம். ஜெர்மன்கூட தெரிய வேணாமாம், எல்லாம் இங்கிலீஷ்லயே சொல்லித் தர்றாங்களாம்."

இதில் முதல் வாக்கியம் முக்கால் உண்மை. இரண்டாவது கால் உண்மை. இரண்டையும் சேர்த்து நம்பிப் பெற்றோர்கள் வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைக்கிறார்கள். நம் வயதுக்காரர்கள் பேரனுக்காக வைப்புநிதியை உடைக்கிறார்கள். அதனால்தான் இதை எழுத வேண்டியிருக்கிறது.

முதலில் இந்த 'இலவசம்'. ஜெர்மனியில் கல்வி மாநிலங்களின் பொறுப்பு. 2005-இல் அந்நாட்டு அரசியல் சாசன நீதிமன்றம் தடையை நீக்கியதும் சில மாநிலங்கள் ஒரு பருவத்துக்கு 500 யூரோ வரை கட்டணம் வாங்க ஆரம்பித்தன. மாணவர்களும் பெற்றோர்களும் எதிர்த்தார்கள். ஒவ்வொரு மாநிலமாகக் கைவிட்டு, கடைசியாக லோயர் சாக்சனி மாநிலமும் 2014-இல் கைவிட்டது. அவர்கள் போராடிப் பெற்ற சலுகையில்தான் நம் பிள்ளைகளும் உட்கார்ந்து படிக்கிறார்கள். நன்றியோடு ஒப்புக்கொள்ள வேண்டிய விஷயம்.

ஆனால் எல்லா இடத்திலும் அப்படியில்லை. ஹைடல்பர்க், ஸ்டுட்கார்ட் நகரங்கள் இருக்கும் பாடன்-வூர்ட்டம்பர்க் மாநிலத்தில், ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் மாணவர்கள் 2017 முதல் பருவத்துக்கு 1,500 யூரோ கட்ட வேண்டும். புகழ்பெற்ற மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2024 குளிர்காலப் பருவம் முதல் அதே வகை மாணவர்களிடம், படிப்பைப் பொறுத்து 2,000 முதல் 6,000 யூரோ வரை வாங்குகிறது. அதுவும் ஒரு பருவத்துக்கு.

கட்டணமே இல்லாத இடத்திலும் சாப்பாடும் வாடகையும் உண்டல்லவா? விசாவுக்கு முன் முடக்கக் கணக்கு ஒன்று திறந்து ஒரு வருடச் செலவைக் காட்டச் சொல்கிறார்கள். 2024 செப்டம்பர் முதல் அந்தத் தொகை 11,904 யூரோ. நம் பணத்தில் பத்து லட்சத்துக்கு மேல். இது யாருக்கும் கொடுக்கும் கட்டணம் இல்லை, நம் பணம்தான். மாதம் 992 யூரோவாகப் பிள்ளை கைக்கே திரும்ப வரும். ஆனால் முதலில் மொத்தமாகப் புரட்ட வேண்டியது நாம்தான். பத்து லட்சம் புரட்ட வேண்டிய ஒன்றை 'இலவசம்' என்று விளம்பரப் பலகையில் எழுத எப்படி மனசு வருகிறதோ தெரியவில்லை.

இங்கே ஒரு சின்னக் கேள்வி. கட்டணமே வாங்காத அரசுப் பல்கலைக்கழகம் ஏஜெண்டுக்குக் கமிஷன் எங்கிருந்து கொடுக்கும்? இலவசம் என்று அழைத்து உட்கார வைத்துவிட்டு, பேச்சுவாக்கில் கட்டணம் வாங்கும் தனியார் கல்லூரிப் பக்கம் பிள்ளையைத் திருப்பிவிடும் ரகசியம் இதுதான். தனியார் கல்லூரி எல்லாமே மோசம் என்று சொல்லவில்லை. அரசு அங்கீகாரம் பெற்றவை உண்டு, பட்டமும் செல்லும். ஆனால் நீங்கள் எந்தச் சொல்லை நம்பிப் படியேறினீர்களோ அந்தச் சொல் அங்கே செல்லாது.

விண்ணப்பம் கஷ்டம், நாங்கள் போட்டுத் தருகிறோம் என்பார்கள். படிவங்களோடு காலம் தள்ளிய குமாஸ்தா என்ற முறையில் சொல்கிறேன், பட்டப்படிப்பு முடித்த பிள்ளையால் நிரப்ப முடியாத படிவம் எதுவும் அதில் இல்லை. பல அரசுப் பல்கலைக்கழகங்களுக்கு 'யூனி அசிஸ்ட்' என்ற பொது அமைப்பு வழியாக விண்ணப்பிக்கலாம். முதல் விண்ணப்பத்துக்கு 75 யூரோ, அதே பருவத்தில் அடுத்தடுத்த ஒவ்வொன்றுக்கும் 30 யூரோ. நம் சான்றிதழ்களைச் சரிபார்க்கும் ஏ.பி.எஸ். சான்று 2022 நவம்பர் முதல் கட்டாயம். அதையும் மாணவரே வாங்கிக்கொள்ளலாம்.

இனி அந்தக் கால் உண்மைக்கு வருகிறேன். ஆங்கில வழியில் முதுகலைப் படிப்புகள் அங்கே நிறைய உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அரசுப் பல்கலைக்கழகங்களில் இளநிலைப் படிப்பு பெரும்பாலும் ஜெர்மன் மொழியில்தான். நம் பிளஸ் டூவை மட்டும் கையில் வைத்துக்கொண்டு நேராகச் சேரவும் முடியாது. ஒரு வருடம் ஆயத்தக் கல்லூரியில் படித்துத் தேர்வு எழுத வேண்டும், அல்லது இங்கேயே ஒரு வருடம் கல்லூரிப் படிப்பை முடித்திருக்க வேண்டும், அல்லது ஐ.ஐ.டி.க்கான அட்வான்ஸ்டு தேர்வில் தேறியிருக்க வேண்டும். 'பிளஸ் டூ முடித்தவுடன் ஜெர்மனி' என்று பலகை வைப்பவர்கள் இதைச் சிறிய எழுத்தில்கூடப் போடுவதில்லை.

ஆங்கில வழி முதுகலையில் சேர்ந்த பிள்ளைக்கு என்ன ஆகிறது? வகுப்பு ஆங்கிலம். வகுப்பை விட்டு வெளியே வந்தால் எல்லாம் ஜெர்மன். வீட்டு வாடகை ஒப்பந்தம், காப்பீட்டுக் கடிதம், வெளிநாட்டவர் அலுவலகத்திலிருந்து வரும் ஓலை எல்லாமே. அரசு அலுவல் மொழி ஜெர்மன் என்று அவர்கள் நிர்வாக நடைமுறைச் சட்டமே சொல்கிறது. அதில் தப்பென்ன? நம் தாலுகா அலுவலகத்தில் தமிழில் எழுத வேண்டும் என்று நாம் கேட்பதில்லையா?

படிக்கும் காலத்தில் வருடத்துக்கு 140 முழு நாட்கள் வேலை பார்க்க அனுமதி உண்டு. மொழி தெரிந்தவனுக்குத் தன் படிப்புக்கு ஏற்ற பகுதி நேர வேலை. தெரியாதவனுக்குப் பெரும்பாலும் பார்சல் கிடங்கும் ஓட்டல் அடுப்படியும்தான். பட்டம் வாங்கிய பிறகு வேலை தேட 18 மாதம் தருகிறார்கள். தாராளமான சட்டம்தான். ஆனால் சிறு நகரங்களில் பரவிக் கிடக்கும் நடுத்தரக் கம்பெனிகளில் ஜெர்மன் இல்லாமல் என்ன செய்வது? பெர்லினில் ஆங்கிலத்திலேயே நடக்கும் கம்ப்யூட்டர் கம்பெனிகள் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கின்றன. உலகம் முழுவதிலுமிருந்து வருகிறவர்கள் அந்த ஒரே வாசலில்தான் வரிசை கட்டி நிற்கிறார்கள். ஜெர்மனியில் பட்டம் பெற்று இரண்டு வருடம் வேலை பார்த்தவர் நிரந்தர வசிப்புரிமை கேட்கலாம். அதற்கும் பி1 அளவு ஜெர்மன் வேண்டும்.

ஆகவே அவர்கள் கட்டணத்தை ரத்து செய்யவில்லை, வேறு நாணயத்தில் வாங்குகிறார்கள் என்றே நான் நினைக்கிறேன். அந்த நாணயம் ஜெர்மன் மொழி.

நம் முன்னோர் அதைக் கொடுத்துத்தான் படித்தார்கள். பின்னாளில் ஜனாதிபதியான ஜாகிர் உசேன் 1926-இல் பெர்லினில் முனைவர் பட்டம் பெற்றார். சோஷலிஸ்ட் தலைவர் ராம் மனோகர் லோகியாவும் சில ஆண்டுகள் கழித்து அதே நகரில் பெற்றார், ஜெர்மன் கற்றுக்கொண்டு. 'மொழி வேண்டாம்' என்று அன்றைக்கு அவர்களிடம் சொல்ல ஏஜெண்ட் இல்லை.

நான் கணக்கையும் சரித்திரத்தையும் பிரெஞ்சில் படித்தவன். வாத்தியார் சொன்ன பாடம் முதல் வருடமே புரிந்துவிட்டது. பக்கத்துப் பையன் அடித்த ஜோக் புரிய மூன்று வருடம் ஆயிற்று. பாடம் புரிவதற்கும் ஓர் ஊரில் மனிதனாக நடமாடுவதற்கும் அவ்வளவு தூரம். பிரெஞ்சு தெரிந்து பிரான்சுக்குப் போனவர்களையும் தெரியாமல் போனவர்களையும் புதுச்சேரிக்காரர்களான நாம் இரண்டு தலைமுறையாகப் பார்த்து வருகிறோம். நமக்கு இதை வேறு யாரும் வந்து சொல்லித் தர வேண்டியதில்லை.

போகாதே என்று நான் சொல்லவில்லை. நல்ல பல்கலைக்கழகங்கள், நல்ல ஆய்வுக்கூடங்கள். 1959-இல் சென்னை ஐ.ஐ.டி.யே மேற்கு ஜெர்மனியின் உதவியோடுதான் எழுந்தது. நான் சொல்வது வரிசையைப் பற்றி. இன்றைக்கு முதலில் கடன், பிறகு விசா, அங்கே போய் மொழி என்று நடக்கிறது. இது தலைகீழ். இன்ஜினியரிங் படிக்கும் நாலு வருடத்தில் மாலை வகுப்பாகப் படித்தாலே பி1 வரை தாராளமாக வரலாம். சென்னை மாக்ஸ் முல்லர் பவனில் தேர்வும் எழுதலாம். அந்த ஒரு வேலைக்குப் பொறுமை இல்லாத பிள்ளை, அந்நிய ஊரில் குளிர்கால இருட்டில் பொறுமையாக இருப்பான் என்று எதை வைத்து நம்புவது?

பேரனோ பேத்தியோ நாளைக்கு உங்களிடம் ஜாமீன் கையெழுத்து கேட்டு வந்தால், பல்கலைக்கழகத்தின் பெயரைக் கேட்பதற்கு முன் பி1 சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். இருந்தால் சந்தோஷமாகக் கையெழுத்துப் போடுங்கள். இல்லை என்றால், வகுப்புக்கான பணத்தை மட்டும் கொடுத்து, பத்திரத்தைப் பீரோவிலேயே வைத்துப் பூட்டுங்கள்.