தாளத்துக்கு நடக்கும் கால்கள்



பார்க்கின்சன் நோய் என்றால் கை நடுக்கமும் மாத்திரையும் மட்டுமே பேசப்படுகின்றன. குடும்பங்களை அதிகம் வாட்டுவதோ நடைதான். அடி குறுகிப் போகும். வாசற்படியிலோ திரும்பும் இடத்திலோ கால் தரையோடு ஒட்டிக்கொண்டதுபோல் நின்றுவிடும். விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் பிறகு படுக்கைதான்.

இந்நோயில் டோபமைன் என்னும் வேதிப்பொருள் குறைவதால் மூளைக்குள் நடையின் காலக்கணக்கு பிசகுகிறது. அந்தக் கணக்கை வெளியிலிருந்து சீரான ஒலியால் ஓரளவு ஈடுசெய்யலாம். கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தினர் 1996-இல் வெளியிட்ட ஆய்வில், நோயாளிகள் தினமும் 30 நிமிடம் தாள ஒலிக்கு ஏற்ப நடந்தார்கள். மூன்றே வாரத்தில் நடைவேகம் சராசரியாக 25 சதவீதம் கூடியது. சிறிய ஆய்வுதான். ஆனால் 2007-இல் மூன்று ஐரோப்பிய நாடுகளில் 153 பேரிடம், ஒலி, ஒளி, அதிர்வு ஆகியவற்றை வைத்து வீட்டிலேயே நடத்திய பயிற்சியிலும் நடை மேம்பட்டது. பயிற்சியை நிறுத்தியபின் பலன் பெரிதும் குறைந்தது என்பதையும் அதே ஆய்வு சொல்கிறது. ஆகவே இது தொடர்ந்து செய்யவேண்டியது; மாத்திரைக்கு மாற்றும் அல்ல.

கைப்பேசியில் சீராகத் தாளம் தட்டும் இலவச மெட்ரோனோம் செயலி போதும். ஆனால் தாளத்தின் வேகத்தை அவரவர் இயல்பு நடையை அளந்தே வைக்கவேண்டும். கால் உறையும் நோயாளிக்கு வேகமான தாளம் ஆபத்தாகலாம். அதனால்தான் இயன்முறை மருத்துவரின் மேற்பார்வை தேவை. நரம்பியல் பிரிவுகளில் மருந்துச்சீட்டு எழுதும் அன்றே நோயாளியை அவரிடமும் அனுப்பிவைக்க வேண்டுகிறேன்.

— ஒரு வாசகி