நெட்டோட்டமும் கொழுப்பு மருந்தும்

இரத்தக் கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மருந்தினை உட்கொள்ளும் நெட்டோட்டக்காரர் சிலர், தொடை நொந்தவுடனே அதனை எறிந்துவிடுகின்றனர். இது தகாதென்பது எம் கருத்து. ஓட்டம் இதயத்திற்கு நன்றேயாயினும், பரம்பரையாய் வந்த மிகுகொழுப்பினை அது போக்கிவிடாது.

நோவெல்லாம் மனமயக்கமே என்பாரையும் யாம் ஒப்போம். 2004இல் ஆஸ்திரியாவிலிருந்து வெளிவந்த ஆராய்ச்சியொன்றில், பரம்பரை மிகுகொழுப்புடைய தொழில்முறை விளையாட்டு வீரர் 22 பேருள் 6 பேரே இம்மருந்துகளுள் ஒன்றையேனும் தாங்கினர். ஆயினும், 2020இல் இங்கிலாந்திலிருந்து வெளியான சோதனையிலே, முன்னர் அல்லலுற்று மருந்தை நிறுத்தியிருந்தோர்க்குப் போலி மாத்திரையும் ஏறக்குறைய அவ்வளவே துன்பந் தந்ததும் மெய்யே.

நிற்க. நெட்டோட்டத்தின் மறுநாள், மருந்துண்ணாதார் குருதியிலும் கிரியேட்டின் கைனேஸ் பன்மடங்கு உயர்ந்திருக்கும். ஆதலின் சின்னாள் ஓய்ந்த பின்னரே சோதித்தல் வேண்டும். ஓடிய காலத்தை விநாடி பிசகாது குறித்துவைக்கும் இவர்கள் நோவு தொடங்கிய நாளைக் குறிப்பதில்லை! அக்குறிப்பிருப்பின், சிலகாலம் நிறுத்திப் பார்ப்பதோ, அளவைக் குறைப்பதோ, வேறு ஸ்டாட்டினுக்கு மாறுவதோ, எஜெட்டிமைப் சேர்ப்பதோ ஏற்றதென மருத்துவர் துணிதல் எளிதாம். சிறுநீர் கருத்துத் தசை தளர்ந்தாலோ, மருந்தையும் ஓட்டத்தையும் ஒருங்கே விடுத்து அன்றே மருத்துவமனை சேர்க.