மணப்பொருளால் அந்துப்பூச்சியைத் தடுத்தல்: அயலவர் கூடினாலன்றிப் பயனில்லை

நெல்லின் தண்டைத் துளைக்கும் புழுவும், கத்தரியின் குருத்தையும் காயையும் துளைக்கும் புழுவும் பயிரின் உள்ளேயிருந்து உண்பவை. வெண்கதிர் தோன்றிய பின்னர், அல்லது காயில் துளை தெரிந்த பின்னர் தெளிக்கப்படும் நஞ்சு அவற்றைச் சென்றடைவது அரிது. இதனை அறிந்தும் கமக்காரர் பலர் மீண்டும் மீண்டும் தெளிக்கின்றனர். பணம் விரயமாகின்றது, சிலந்தி, குளவி முதலிய நன்மை செய்யும் உயிர்கள் மடிகின்றன, தெளிப்பவரின் உடல்நலமும் கெடுகின்றது. ஆதலின், புழு தோன்றுமுன்னரே அதனைத் தடுக்கும் வழியை நாடுதல் அறிவுடைமையாகும்.

பெண் அந்து இரவில் ஒருவகை மணப்பொருளைக் காற்றில் விட்டு ஆண் அந்தை அழைக்கின்றது. இதற்குப் பெரமோன் என்று பெயர். 1959 ஆம் ஆண்டில் ஜேர்மானிய இரசாயன அறிஞர் அடொல்ப் பூட்டனான்டும் அவருடைய குழுவினரும் ஏறத்தாழ 5 இலட்சம் பெண் பட்டு அந்துகளிலிருந்து இத்தகைய பொருளொன்றை முதன்முதலாகப் பிரித்தறிந்தனர். இன்று பல பீடைகளின் மணப்பொருள்கள் செயற்கையாகச் செய்யப்படுகின்றன.

இப்பொருளை இரு வகையிற் பயன்படுத்தலாம். ஒன்று, பொறியில் வைத்து ஆண் அந்துகளைப் பிடித்தல். மற்றையது, சிறு குழாய்களில் அடைத்து வயலெங்கும் கட்டி, மணத்தை வாரக்கணக்கில் மெல்ல மெல்லப் பரவ விடுதல். எங்கும் ஒரே மணம் நிறைந்திருப்பதால், ஆண் அந்து பெண் இருக்கும் இடத்தைக் கண்டுகொள்ளாது அலைகின்றது. புணராத பெண் இடும் முட்டை பொரிப்பதில்லை. இவ்விரண்டாவது முறையே புணர்ச்சித் தடை எனப்படும்.

இம்முறை தனியொருவர் செய்யத்தக்கதன்று. மணப்பொருள் புணர்ச்சியைத் தடுக்குமேயன்றி எந்த அந்தையும் கொல்லாது. அரை ஏக்கரில் ஒருவர் குழாய் கட்டினால், அயல் வயலில் ஏற்கெனவே புணர்ந்த பெண் அந்துகள் பறந்து வந்து அவர் பயிரில் முட்டையிடும். அப்பொழுது அவர் வைத்த பொறியில் ஓர் ஆண் அந்தும் விழாது. பீடை ஒழிந்ததென்று அவர் மகிழ்ந்திருப்பார். பின்னர் வெண்கதிரைக் கண்டு, மருந்து போலியென்று குறை கூறுவார். குறை மருந்திலன்று, மூன்று பக்கமும் திறந்து கிடக்க ஒரு பக்கம் மாத்திரம் வேலியடைத்ததிலேயே உள்ளது. எனவே, பொறியை மாத்திரம் நம்பாது, வாடிய குருத்துகளையும் துளைபட்ட காய்களையும் எண்ணிப் பார்த்தல் அவசியம்.

அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் அப்பிள் தோட்டக்காரர்கள் 1995 முதல் 1999 வரை ஒரு கூட்டுத் திட்டத்தில் சேர்ந்து, தொடர்ச்சியான பெரு நிலப்பரப்புகளில் இம்முறையைக் கைக்கொண்டனர். பூச்சிகொல்லித் தெளிப்பு பெருமளவு குறைந்தது. நெல்லின் மஞ்சள் தண்டு துளைப்பானுக்கு எதிராக இந்தியாவின் ஆந்திர மாநிலத்திலும் 1990களில் இம்முறை வயல்களிற் பரீட்சிக்கப்பட்டது.

விலை அதிகமென்று சிலர் தயங்குவர். அத்தயக்கம் நியாயமானதே. ஆனால் அயலவர் சேராத இடத்தில் மலிவான குழாயும் வீண் செலவே. மேலும், இது எல்லாப் பீடைக்கும் மருந்தன்று. ஒவ்வோர் இனத்திற்கும் அதற்குரிய மணப்பொருளே வேண்டும். கபிலத் தத்தி மணத்தாலன்றித் தண்டின் அதிர்வாலேயே துணையை அழைப்பதால், அதற்கு இம்முறை பயன்படாது. அந்துகள் மிகப் பெருகிவிட்ட வயலில், ஆணும் பெண்ணும் தற்செயலாகவே சந்தித்துவிடும். ஆகவே பீடை குறைந்திருக்கும்போதே, அந்துகள் வெளிவருமுன் குழாய்களைக் கட்டுதல் வேண்டும்.

இதற்கு முன்னோடியாகச் செய்யத்தக்கவை பணச்செலவு அதிகமில்லாதவை. அறுவடை முடிந்ததும் தாள்களை உழுது மடக்குதல், வயல்வெளி முழுவதும் ஏறத்தாழ ஒரே காலத்தில் விதைத்தல், கத்தரியின் வாடிய குருத்துகளைக் கொய்து அழித்தல் ஆகியன அவை. இவற்றையே ஒன்றுகூடிச் செய்ய இயலாத ஊர், மணப்பொருளாலும் நன்மை பெறாது.

நீர் திறக்கும் நாளையும் விதைக்கும் நாளையும் போகத்தின் தொடக்கக் கூட்டத்தில் எல்லாரும் சேர்ந்தே தீர்மானிக்கின்றனர். வாய்க்கால் நீரைப் போல அந்தும் வரம்பு பார்த்து நிற்பதில்லை. ஆகையால் பீடைத் தடுப்பையும் கமக்காரர் அமைப்புகள் அக்கூட்டத்திலேயே பொதுக் காரியமாக எடுத்துத் தீர்மானித்தல் வேண்டும். ஊர் கூடினாலன்றித் தேர் நகராது.